முடிவு பார்க்காமல் போனவன்

மாசி மகத்துக்குப் பழமலைநாதர் கோயிலில் கொடியேறிய மறுநாள், ஒரு புதன்கிழமை, நான் மஸ்கட்டில் இறங்கினேன். தேதி விஷயத்தில் நான் கொஞ்சம் கறாரான ஆள். எங்கள் ஊரில் எந்தப் படத்தை எந்தச் சனிக்கிழமை போட்டோம், அன்று மழை பெய்ததா, யார் பாதியில் எழுந்து போனார்கள் என்பதையெல்லாம் குறித்து வைத்திருப்பவன். இந்தப் பயணத்தில் தேதிகளைத் தவிர மற்ற எல்லாவற்றிலும் பிசகிவிட்டேன்.

போன காரியம் இரண்டு. விருத்தாசலத்தில் நான் கணக்கு எழுதும் பீங்கான் கம்பெனியின் விளக்குகளையும் பொம்மைகளையும் அங்கே ஒரு வியாபாரிக்குக் காட்ட வேண்டும். எங்கள் முதலாளிக்கு விமானம் என்றால் பயம், அதனால் என்னை அனுப்பினார். இரண்டாவது காரியத்தை ஒப்படைத்தவர் மங்கலம்பேட்டை மெஹருன்னிசா, மஸ்கட்டில் வேலை பார்க்கும் என் நண்பன் ஜமாலின் மனைவி.

"நீங்க சொன்னா கேப்பாங்கண்ணே. மூணு வருசமா இந்தா வரேன், அந்தா வரேன்னுதான் சொல்றாங்க. சம்பாரிச்சது போதும். கையோட கூட்டியாந்துடுங்க" என்றார். ஒரு பை நிறைய முறுக்கும், மாங்காய் ஊறுகாயும், வீட்டில் இடித்த மிளகாய்த்தூளும் கொடுத்தனுப்பினார்.

ஊறுகாயை யாரும் ஒன்றும் சொல்லவில்லை. மாட்டிக்கொண்டது வைக்கோல். எங்கள் ஊரில் பீங்கானை வைக்கோலில் பொதிந்துதான் அனுப்புவோம். லாரியில் ஏற்றினாலும் அப்படித்தான், அத்தை வீட்டுக்கு இரண்டு ஜாடி கொண்டுபோனாலும் அப்படித்தான். மஸ்கட் விமான நிலைய அதிகாரி என் பெட்டியைத் திறந்து, ஒரு கைப்பிடி வைக்கோலை உருவி, வெளிச்சத்தில் தூக்கிப் பிடித்துப் பார்த்தார். அரபியில் ஏதோ கேட்டார். எனக்குப் பின்னால் நின்ற மலையாளி மொழிபெயர்த்தார்: "ஆடு எங்கே என்று கேட்கிறார்."

வைக்கோல் முழுவதையும் எடுத்துக்கொண்டு பொம்மைகளை மட்டும் திருப்பிக் கொடுத்தார்கள். அங்கேயே தரையில் உட்கார்ந்து என் பனியன், வேட்டி, துண்டு எல்லாவற்றிலும் அவற்றைச் சுற்றினேன். அப்படியும் ஒரு பிள்ளையாருக்குத் தும்பிக்கை போய்விட்டது.

உலகப் படங்களில் எத்தனையோ பயணிகளைப் பார்த்திருக்கிறேன். அவர்களில் ஒருவரைக்கூட யாரும் பெட்டியைத் திறக்கச் சொன்னதில்லை. கையில் சின்னத் தோல்பை, கழுத்தில் கம்பளித் துண்டு, ரயில் ஜன்னல், வெளியே பனி. அவர்கள் எப்போதுமே ஏற்கெனவே கிளம்பிவிட்டவர்கள்.

அந்தப் படங்களை நானும் ஜமாலும் சேர்ந்துதான் பார்த்தோம். இருபது வருடங்களுக்கு முன், ஜங்ஷன் பக்கத்தில் ஒரு டியூஷன் சென்டரின் மாடியில், சனிக்கிழமை சாயங்காலம் எங்கள் திரைப்படச் சங்கம் நடக்கும். சங்கம் என்பது ஒரு டிவி, ஒரு டிவிடி பெட்டி, பத்துப் பன்னிரண்டு பேர். ஜமால் அப்போது மங்கலம்பேட்டையில் அவன் மாமாவின் துணிக்கடையில் நின்றான். கடையிலிருந்து ஓடி வருவான். ஆனால் கடைசி பஸ் போய்விடும் என்று, படம் முடியக் கால் மணி, இருபது நிமிடம் இருக்கும்போதே எழுந்துவிடுவான். ஒரு படத்துக்கும் அவன் முடிவு பார்த்ததில்லை.

போகும்போது வாசற்படியில் நின்று முடிவை அவனே சொல்லிவிட்டுத்தான் இறங்குவான். "அவன் வூட்டுக்குத் திரும்பிடுவான் பாரு மாப்ள. நான் போயிட்டு வரேன்." எந்த நாட்டுப் படமாக இருந்தாலும் அதே முடிவுதான். அடுத்த சனிக்கிழமை நான் உண்மையான முடிவைச் சொல்வேன். அனேகமாக அவன் சொன்னது தப்பாகத்தான் இருக்கும். லாரி ஓட்டிக்கொண்டு போனவன் எல்லையிலேயே நின்றுவிடுவான். தம்பியைத் தேடிப் போனவள் தேடிக்கொண்டே இருப்பாள். "என்னாதான் படம் எடுக்குறானுவோ. இவ்ளோ தூரம் சுத்திட்டு வூட்டுக்குப் போவாதவன் எதுக்குக் கெளம்புனான்?" என்று நிஜமாகவே வருத்தப்படுவான்.

பிறகு அவனே மஸ்கட்டில் ஒரு கடை வேலைக்குக் கிளம்பிவிட்டான். மங்கலம்பேட்டையில் அது பெரிய விஷயமில்லை. தெருவுக்குத் தெரு ஆட்கள் வளைகுடாவில் இருக்கிறார்கள்.

வியாழக்கிழமை வியாபாரியைப் பார்த்தேன். தும்பிக்கை போன பிள்ளையாரைத்தான் முதலில் கையில் எடுத்தார். ஆர்டர் கொடுப்பதாகச் சொன்னார், விளக்குக்கு மட்டும். மதியம் ஒரு மலையாளி ஓட்டலில் பரோட்டாவும் மீன்குழம்பும் சாப்பிட்டேன். குழம்பில் புளிக்குப் பதில் குடம்புளி. நாக்கு அதை ஒத்துக்கொள்ளவே சாயங்காலம் ஆகிவிட்டது. அப்புறம் ஜமாலின் அறைக்குப் போனேன்.

மஸ்கட்டின் ரூவிப் பகுதியில் ஒரு சந்துக்குள், மூன்றாம் மாடி. நாலு பேர் தங்கும் அறை. ஜமாலுக்குத் தாடி நரைத்திருந்தது. கட்டிப்பிடித்துக்கொண்டோம். முறுக்குப் பையைப் பிரித்து மற்ற மூவருக்கும் கொடுத்துவிட்டுத்தான் அவன் வாயில் போட்டான்.

அவன் கட்டிலை ஒட்டி ஒரு பெரிய அட்டைப்பெட்டி இருந்தது. நீல நைலான் கயிற்றால் குறுக்கும் நெடுக்கும் இறுக்கிக் கட்டி, நாலு பக்கமும் தடித்த பேனாவால் அவன் பெயரும் மங்கலம்பேட்டை முகவரியும் எழுதியிருந்தது. ஊர் திரும்புகிறவர்கள் கட்டும் பெட்டி. அதன் மேல் சோறு வடிக்கும் குக்கர், சர்க்கரை டப்பா, தண்ணீர்ப் பாட்டில் எல்லாம் இருந்தன.

"எப்பக் கட்டுன?" என்றேன்.

"மூணு வருசம் ஆச்சி. அப்பப்பத் தொறந்து மாத்துவேன். ஷப்னமுக்குச் செருப்பு வாங்கி வைக்கிறேன், போன்ல கேட்டா அளவு பெருசாயிடுச்சின்னுது. எடுத்துட்டு வேற வைக்கிறேன். இப்ப அதுக்கு நிக்காஹே பேசுறாங்க." ஷப்னம் அவன் ஒரே மகள்.

மேல்கட்டிலில் படுத்திருந்த மதுரைக்காரர் சொன்னார்: "பெட்டி ரெடி சார். ஆளுதான் ரெடியில்ல. நாங்க இதுக்கு மேசைன்னே பேர் வச்சிட்டோம்."

வெள்ளிக்கிழமை ஜமாலுக்கு விடுமுறை. நிஸ்வா ஊரின் ஆட்டுச் சந்தையைப் பார்க்கப் போனோம். இத்தனை வருடம் இந்த நாட்டில் இருந்தும் அவன் நிஸ்வாவைப் பார்த்ததில்லை. விடியற்காலையில் ஒரு ஷேர் டாக்ஸி பிடித்தோம். மொட்டைப் பாறை மலைகளுக்கு நடுவே அகலமான சாலை. இரண்டு நண்பர்கள், ஒரு வண்டி, ஆள் இல்லாத நிலம். இப்படி ஒரு காட்சி அமைந்தால் எந்த நாட்டு இயக்குநரும் விடமாட்டார். ஒருவன் தன் கதையைச் சொல்லத் தொடங்குவான், இன்னொருவன் ஜன்னல் பக்கம் பார்த்துக்கொண்டே கேட்பான். நான் தயாராக உட்கார்ந்திருந்தேன். வண்டி நகர்ந்ததும் ஜமால் என் தோளில் சாய்ந்து தூங்கிவிட்டான். வாரத்துக்கு ஆறு நாள் கடையில் நிற்கிறவனுக்கு உட்கார இடம் கிடைத்தால் தூக்கம்தான் வரும் என்பது எனக்கு உறைக்கவே நேரமாயிற்று.

அப்போதுதான் ஒன்று தோன்றியது. உலக சினிமா பயணம் என்று எதைச் சொல்கிறதோ அதில் மங்கலம்பேட்டைக்காரர்களுக்கு இடமில்லை. படத்தில் பாதை நீளமானது; போய்ச் சேரும் இடம் ஒரே ஒரு காட்சி. இவர்களுக்குப் பாதை என்பது நாலு மணி நேரம், விமானத்துக்குள் ஒரு தூக்கம். அதன் பிறகு இருபது வருடம் ஒரே கடையில் ஒரே இடத்தில் நிற்பது. இதைப் படமெடுத்தால் யார் பார்ப்பார்கள்? ஆனால் இதுவும் பயணம்தான். இவர்கள் நிற்க நிற்க, ஊர் இவர்களை விட்டு நகர்ந்து போய்க்கொண்டே இருக்கிறது.

ஆட்டுச் சந்தை நன்றாக இருந்தது. வாங்குகிறவர்கள் வட்டமாக நிற்க, விற்கிறவர்கள் ஆட்டைப் பிடித்துக்கொண்டு அவர்களைச் சுற்றி நடக்கிறார்கள். ஒரு கிழவர் ஒரு ஆட்டின் வாயைத் திறந்து திறந்து பல்லைப் பார்த்தார். விற்கிறவர் ஏதோ சொல்ல, சுற்றி நின்றவர்கள் சிரித்தார்கள். ஜமால் என் காதில் சொன்னான்: "வாங்கப் போறியா, பொண்ணு பாக்க வந்தியான்னு கேக்குறாரு." எங்கள் ஊர்ச் சந்தையிலும் இதைக் கேட்டிருக்கிறேன்.

திரும்பும்போது டாக்ஸி டயர் வெடித்தது. மாற்று டயரும் சரியில்லை. வேறு வண்டி வரும் வரை சாலையோரக் கடையில் உட்கார்ந்தோம். பாலைச் சுண்டக் காய்ச்சி ஏலக்காய் போட்ட டீ. ஜங்ஷன் டீயைவிட இனிப்பு ஒரு பங்கு அதிகம். அங்கேதான் ஜமால் பேசினான்.

"லீவுல போனா வாசல்ல கால வைக்கிறதுக்குள்ள கேக்குறாங்க மாப்ள, 'எப்பத் திரும்பப் போறீங்க?'ன்னு. கேக்காத ஆளே கெடயாது. போன தடவ ராத்திரி தண்ணி குடிக்க எழுந்தேன். லைட்டு சுச்சு எங்க இருக்குதுன்னு தெரியல. என் வூடு. நான் கட்டுனது. செவுத்தத் தடவிக்கிட்டே நின்னேன்."

"நிரந்தரமா வந்துட்டா ஒரு வாரத்துல சுச்சு தெரிஞ்சிடும்டா."

"அவங்க பழகிட்டாங்க, நான் இல்லாம. நான் போயி நடுவுல குந்திக்கிட்டா எடஞ்சலா இருக்காதா?"

"மெஹருன்னிசா சொல்லித்தான் நான் கேக்குறேன். எடஞ்சல்னா வரச் சொல்லுவாங்களா?"

அவன் கோப்பையைக் கவிழ்த்து வைத்தான். "சரி. வரேன். நாளைக்கு உன் ஃப்ளைட்டுலயே டிக்கெட் கெடைக்குதான்னு பாக்குறேன்."

எனக்கிருந்த சந்தோஷத்தில் அந்தக் கடை வாசலிலிருந்தே மெஹருன்னிசாவுக்குப் போன் போட்டேன். "கூட்டிக்கிட்டு வரேம்மா. சென்னைக்கு யாரும் வர வேணாம். நாங்களே ரயில்ல வந்துடுறோம்." மறுமுனையில் ஷப்னம் போனை வாங்கி, "நெசமாவா மாமா?" என்று கேட்டாள்.

சனிக்கிழமை மதியம் பெட்டியைக் கடைசியாக ஒருமுறை கட்டினோம். குக்கரை மதுரைக்காரர் எடுத்துத் தரையில் வைத்தார். நான் பெட்டியை முழங்காலால் அழுத்த, ஜமால் கயிற்றை இழுத்தான். முடிச்சுப் போட்டுக்கொண்டே கேட்டான்:

"மாப்ள, நான் இங்க வர்றதுக்கு முன்னாடி கடைசியா ஒரு படம் பாத்தோமே. கறுப்பு வெள்ளை. வெளிநாட்டுல சுரங்கத்துல வேல பாத்துட்டு ஒருத்தன் ரயில்ல ஊருக்கு வருவான். ஸ்டேஷன்ல எறங்குறப்ப நான் எழுந்துட்டேன். அப்புறம் நீ சொல்லவேயில்ல. அதுக்குள்ள எனக்கு விசா வந்துடுச்சி. அவன் வூட்டுக்குப் போனானா?"

நான் விவரங்களில் தவறக்கூடாது என்று பழகியவன். எந்தப் படத்தின் முடிவையும் மாற்றிச் சொன்னதில்லை. அன்றும் உள்ளபடியே சொன்னேன். அவன் தன் தெருமுனை வரை போகிறான். வீட்டு ஜன்னலில் விளக்கு எரிகிறது. கொஞ்ச நேரம் நின்று பார்க்கிறான். பிறகு திரும்பி ஸ்டேஷனுக்கு நடக்கிறான். படம் முடிகிறது.

"ஓ" என்றான் ஜமால். முடிச்சை இன்னொரு தடவை இறுக்கினான்.

ஒரு பொய் போதுமாக இருந்தது. போனான், கதவைத் தட்டினான், மனைவி திறந்தாள் என்று சொல்லியிருக்கலாம். அந்தப் படத்தை எடுத்தவர் எங்கிருந்தோ வந்து என்னைக் கேட்கப் போவதில்லை.

சாயங்காலம் விமான நிலையத்தில் ஜமாலே தள்ளுவண்டியைத் தள்ளிக்கொண்டு வந்தான். என் பொம்மைகள் எல்லாம் மஸ்கட்டிலேயே தங்கிவிட்டதால் என் சாமான் ஒரு பைதான். வரிசைக்குப் பக்கத்தில் வந்ததும் பெட்டியை என் பக்கம் நகர்த்தினான்.

"இத உன் டிக்கெட்டுல போட்டுக்க மாப்ள. நான் டிக்கெட் எடுக்கல."

"என்னடா சொல்ற?"

"நீ எடுத்துட்டுப் போ. நான் பின்னாடியே வரேன்."

நான் கத்தியிருக்க வேண்டும், சட்டையைப் பிடித்திருக்க வேண்டும். வரிசை நகர்ந்தது. பின்னால் இருந்தவர் தள்ளுவண்டியால் என் காலில் இடித்தார். நான் திரும்பி அவரிடம் இரு கையாலும் பொறுக்கச் சொல்லிவிட்டுப் பார்த்தபோது ஜமால் கண்ணாடிக் கதவைத் தாண்டிப் போய்க்கொண்டிருந்தான். கடைசி பஸ்ஸுக்குப் போகிறவனின் அதே நடை.

எழும்பூரில் ரயிலேறிய பிறகு மெஹருன்னிசாவின் போன் இரண்டு தடவை வந்தது. நான் எடுக்கவில்லை. இதைப் போனில் சொல்வது முறையல்ல, நேரில் போய் உட்கார்ந்து பக்குவமாகச் சொல்ல வேண்டும் என்று நினைத்தேன். விழுப்புரம் தாண்டும்போது ஒரு செய்தி அனுப்பினேன்: 'நேரில் வந்து சொல்கிறேன் அம்மா.' மரியாதையாக எழுதிவிட்டதாக எனக்குத் திருப்தி வேறு.

விருத்தாசலம் ஜங்ஷனில் ஆட்டோ பிடித்தேன். பெட்டி பின்சீட்டில், நான் அதன் பக்கத்தில் ஒடுங்கி. ஞாயிற்றுக்கிழமை மதியம், மங்கலம்பேட்டை கடைத்தெருவில் கூட்டம். ஆட்டோ ஜமாலின் தெருவுக்குள் திரும்பியபோது கறிக்கடை வாசலில் நின்ற ஒரு பெரியவர் பெட்டியில் எழுதியிருந்த பெயரைப் பார்த்தார். என்னைப் பார்த்தார். ஆட்டோவுக்குள் வேறு யாராவது இருக்கிறார்களா என்று குனிந்து பார்த்தார். பிறகு தோளில் கிடந்த துண்டைத் தலையில் போட்டுக்கொண்டு, "இன்னா லில்லாஹி" என்றார். அவர்கள் மரணச் செய்தி கேட்டால் சொல்வது அது.

எனக்கு அப்போதும் விளங்கவில்லை. நான் அந்த ஊரிலிருந்து கூப்பிடு தூரத்தில்தான் பிறந்து வளர்ந்தேன். ஆனாலும் அவர்கள் எல்லாருக்கும் தெரிந்த ஒன்று எனக்குத் தெரிந்திருக்கவில்லை. கயிறு கட்டிப் பெயர் எழுதிய பெட்டி அந்தத் தெருவுக்கு ஆளோடுதான் வரும். ஆள் இல்லாமல் வந்தால், கூட வேலை பார்த்த யாராவது ஒருவன் தலையைக் குனிந்துகொண்டு அதைக் கொண்டுவந்தால், ஒரே ஒரு அர்த்தம்தான்.

நான் இறங்குவதற்குள் நாலு வீட்டுக் கதவு திறந்துவிட்டது. மெஹருன்னிசா வாசலில் நின்றிருந்தார். புதுப் புடவை. பெட்டியைப் பார்த்து முதலில் சிரித்தார். கண்கள் என்னைத் தாண்டி ஆட்டோவுக்குள் தேடின. அப்புறம் அப்படியே நிலைப்படியில் உட்கார்ந்துவிட்டார்.

"இல்லம்மா, அவன் நல்லாருக்கான்" என்றேன். "வரல, அவ்வளவுதான். உயிரோட இருக்கான்."

யாரும் நம்பவில்லை. பக்கத்து வீட்டு அம்மா என்னிடம் வந்து மெல்லச் சொன்னார்: "மொதல்ல எல்லாரும் அப்படித்தாம்பா சொல்லுவாங்க. என் மவனுக்கும் ஆஸ்பத்திரில இருக்கான்னுதான் சொன்னாங்க. உள்ளதச் சொல்லிடு." ஷப்னம் பெட்டியைக் கட்டிக்கொண்டு அழுதாள். "வாப்பா போன எடுக்கல மாமா, காலையிலேருந்து அடிக்கிறேன், எடுக்கல." தெருவே வீட்டுக்குள் வந்துவிட்டது. யாரோ பாய் விரித்தார்கள்.

நான் ஜமாலுக்கு வீடியோ கால் போட்டேன். வீட்டுப் போனை எடுக்க வெட்கப்பட்டவன் என் போனை எடுத்தான். "என்னா மாப்ள, வூட்டுக்குப் போயிட்டியா?" என்று கேட்டவன், என் பின்னால் இருந்ததைப் பார்த்து நிறுத்திக்கொண்டான். போனை எல்லாப் பக்கமும் திருப்பிக் காட்டினேன். பாய், அழுத முகங்கள், தலையில் துண்டு போட்ட பெரியவர், பெட்டியின் மேல் கிடந்த அவன் மகள்.

மெஹருன்னிசா போனை வாங்கினார். வெகுநேரம் அவன் முகத்தையே பார்த்தார். "ஏதாச்சும் பேசுங்க" என்றார்.

"மெஹரு" என்றான்.

கூட்டத்தில் ஒரு பெரிய மூச்சு எழுந்தது. கறிக்கடைப் பெரியவர், "அட பாவிப் பயலே, மௌத்துக்கு ஓதிட்டேனேடா" என்றார். சிலர் சிரித்தார்கள், சிலர் இன்னும் பெரிதாக அழுதார்கள். மெஹருன்னிசா இரண்டும் செய்யவில்லை. முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டு, "பெட்டி வந்துடுச்சி. நல்லாத்தான் கட்டியிருக்கீங்க" என்றார்.

ஜமால் எப்போதும் இரண்டு நிமிடத்தில் கடைக்கு ஆள் வந்துவிட்டது என்று வைத்துவிடுவான். அன்று வைக்கவில்லை. போன் கைமாறிக் கைமாறி எல்லாரும் திட்டி முடித்து, கடைசியில் என்னிடம் வந்தபோதும் இருந்தான். தாடி நனைந்திருந்தது.

"மாப்ள" என்றான். "அந்தப் படத்துல, தெருமுனையில நிக்கிறப்ப, தெருவுல யாராச்சும் இருந்தாங்களா?"

யோசித்துப் பார்த்தேன். "இல்லடா. தெரு காலியா இருந்துச்சி."

"ம்" என்றான்.

ஒருவர் கத்தரிக்கோலோடு வந்தார். மெஹருன்னிசா அவரைக் கையாலேயே தடுத்தார். "கட்டுனவங்க வந்து அவுக்கட்டும்."

மாசி மகம் முடிந்துவிட்டது. நோன்பும் முடிந்து பெருநாளும் போயிற்று. விளக்கு ஆர்டர் வந்துவிட்டது, நான் இல்லாமலே அனுப்பினார்கள், வைக்கோல் போடாமல். சென்ற சனிக்கிழமை ஷப்னமின் நிக்காஹ் பேச்சைக் கேட்டுவர மங்கலம்பேட்டைக்குப் போயிருந்தேன். கூடத்து மூலையில் பெட்டி அப்படியே இருக்கிறது, நீலக் கயிறு இறுக்கமாக. அதன் மேல் யாரும் எதையும் வைப்பதில்லை.